மூன்றாம் மாடியில் கட்டிய கொடி

லிஃப்ட் மெக்கானிக் இறந்த மறுநாள் காலையில் அவர் மனைவி வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிப் போனாள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

அவள் உள்ளே நுழைந்ததைப் பார்த்துப் பட்டறையில் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"என்னம்மா, நீ ஏன் இங்க வந்தே? யாராவது கூட இல்லையா வீட்ல?"

"தைக்க வேண்டியது ஒண்ணு இருக்கு மாஸ்டர். என் வீட்டுக்காரருக்கு."

"அவர் நாட்டுக் கொடியா? அதுதான் அலமாரியில நாலஞ்சு மடிச்சுக் கிடக்கே. ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போ. யாரும் கேட்க மாட்டாங்க."

"அதெல்லாம் கம்பத்துல ஏத்துறது. பெட்டிமேல போர்த்துறதுக்கு வேற அளவு. நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

மாஸ்டர் துணி உருளையை இழுத்து விரித்தார். மேலே கருநீலம், கீழே வெள்ளை, நடுவில் சிறகு விரித்த மஞ்சள் பறவை. அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தைக்கத் தெரிந்த கொடி அது.

கொடி தைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாத பட்டறை. ஹோட்டல் வாசலுக்கு, மாநாட்டுக்கு, விளையாட்டு மைதானத்துக்கு, தூதரகங்களுக்கு என்று எந்த நாட்டுக் கொடி வேண்டுமானாலும் இங்கேதான் தைப்பார்கள். அவள் கல்யாணத்துக்கு முன்பே இங்கே சேர்ந்தவள். வெளிநாடு எதற்கும் ஒரு தடவைகூடப் போனதில்லை என்றாலும் ஒவ்வொரு நாட்டின் குணமும் அவளுக்கு அத்துப்படி. ஒரு நாட்டில் பிறந்தநாள் கேக்கில்கூடக் குட்டிக் கொடி குத்துவார்கள். பல் துலக்கும்போதும் கொடி வைத்துக்கொள்வார்களோ என்னவோ என்று மாஸ்டர் கிண்டல் செய்வார். இன்னொரு நாட்டுக்காரர்களுக்குத் தங்கள் கொடியை வெளியே காட்டவே கூச்சம். கால்பந்து நடக்கிற மாதம் மட்டும் கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுப்பார்கள். ஒரு கொடியில் கடவுள் வாசகம் இருக்கிறது, யார் செத்தாலும் அதை அரைக்கம்பத்துக்கு இறக்க மாட்டார்கள். இன்னொரு நாட்டில் சண்டை மூண்டால் கொடியைத் தலைகீழாக ஏற்றுவார்கள். சாயம் போன கொடியைக் குப்பையில் போடாமல் மரியாதையாக எரிக்கிற நாடும் உண்டு. இருக்கிறவனுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாத நாடுகள்கூட, பெட்டிமேல் போர்த்தும் கொடி விஷயத்தில் மட்டும் அவ்வளவு கறாராக இருக்கும்.

அவள் கணவருடைய நாட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் செய்வதற்கு முன் கொடியை எடுத்து மடித்து, இரத்த உறவில் நெருங்கியவர் கையில் கொடுப்பார்கள். அதை அவர்கள் தங்கள் வீட்டு வாசலில் ஒரு வருஷம் பறக்கவிட வேண்டும். பெண்டாட்டிக்கு அதில் பங்கு கிடையாது. "கூடப் படுத்து, ஆக்கிப் போட்டு, நோய்க்கு மருந்து கொடுத்தவளுக்கு ஒண்ணும் இல்லையாம். என்ன நாடோ!" என்று அவள் முன்பெல்லாம் அங்கலாய்ப்பாள். இன்றைக்கு அந்த வருத்தம் இல்லை. கொடி அவருடைய ஒரே தங்கைக்குத்தானே போகப்போகிறது, போகட்டும்.

அவர் இளைஞராக எல்லை தாண்டி வந்தவர். இரண்டு பக்கமும் பேச்சு ஒன்றுதான். வார்த்தையின் கடைசியில் ஒரு சின்ன இழுவை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இழுவையை வைத்துக்கொண்டு குடியிருப்பில் அவருக்கு 'அந்தப் பக்கத்து ஆள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டால் 'சார், சார்' என்று கத்துவார்கள். கதவு திறந்து வெளியே வந்ததும் மறுபடி 'அந்தப் பக்கத்து ஆள்'தான்.

கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில், கீழ்வீட்டுக்காரர் கையில் தட்டோடு நின்றுகொண்டு, "உங்க நாட்டுக்குக் கொடின்னு ஒண்ணு இருக்கா, இல்ல வெறும் கம்பம்தானா?" என்று கேட்டார். கேட்டவர் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கணவரும் சேர்ந்து சிரித்தார். அவளுக்குத்தான் உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷனுக்கு நாடு இல்லையா, கொடி இல்லையா, பார்த்துவிடலாம் என்று கருவிக்கொண்டாள்.

அந்த வருஷம் அவர் நாட்டின் தேசிய தினத்தன்று, மூன்றாம் மாடியில் அவர்கள் வீட்டு பால்கனியில் கருநீலமும் வெள்ளையுமாக ஒரு கொடி பறந்தது. தெருவே அண்ணாந்து பார்த்தது. சாயங்காலம் அவர் வேலை முடிந்து, தோளில் கருவிப் பையோடு வந்தார். வாசலுக்கு எதிரே தெருவில் நின்றுவிட்டார். மேலே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவள் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று அதைப் பார்த்துப் பூரித்துப் போனாள். பிறகு அவர் லிஃப்டில் ஏறாமல் படியேறி வந்தார். கை கழுவினார். கண் கலங்கியிருந்தது. "நல்லா தைச்சிருக்கே" என்றார். மனுஷன் ஊர் நினைப்பில் உருகிவிட்டார் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப்பின் ஒரு வருஷம்கூட அவள் தவறவிட்டதில்லை. வருஷா வருஷம் புதிதாகத் தைப்பாள். வருஷா வருஷம் அவர் தெருவில் நின்று பார்ப்பார். ஒரே ஒரு தடவை, அவள் கயிறு கட்ட ஸ்டூலில் ஏறும்போது, "இந்த வருஷம் வேண்டாமே" என்றார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "கண்ணு போகத் தைச்சிருக்கேன், உங்களுக்காகத்தானே? எனக்கா வேண்டுதல்?" என்று கேட்டு அழவே தொடங்கிவிட்டாள். அவர் பதறிப்போய், "சரி சரி, கட்டு, அழாதே" என்று ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முந்தின நாள் ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில் வேலை செய்துகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி எழுந்திருக்கவில்லை. குழந்தை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவர்தான், அவருக்கு அவள்தான். ஆகவே, அவரை எப்படி அனுப்பிவைப்பது என்பது அவள் ஒருத்தியின் பொறுப்பு. அவர் வாழ்ந்தபோது இந்த ஊர் கொடுக்காத மரியாதையைப் போகும்போதாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அழுவதெல்லாம் அதற்கப்புறம்.

பட்டறையிலிருந்தே தூதரகத்துக்கு ஃபோன் போட்டாள். அங்கே அவளைத் தெரியும்; அவர்கள் ஏற்றுகிற கொடி அவள் கைப்பட்டதுதானே. "கட்டாயம் ஒருத்தரை அனுப்புறோம்மா" என்றார்கள். நாத்தனாருக்கும் ஃபோன் போட்டாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. வருஷத்துக்கு ஓரிரு தடவை அண்ணனும் தங்கையும் ஃபோனில் பேசுவார்கள், இவள் நடுவில் வாங்கி, "சௌக்கியமா? பிள்ளைங்க சௌக்கியமா?" என்று கேட்பதோடு சரி.

"பஸ் பிடிச்சு வந்துடறேன் அண்ணி. நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க" என்று அழுதாள் நாத்தனார்.

"உனக்காகக் காத்திருப்போம். நீ கவலைப்படாதே. உங்க அண்ணனை ராஜா மாதிரி அனுப்பி வைக்கிறேன்."

கொடியைப் பற்றிச் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும், மனசு குளிரட்டும் என்று விட்டுவிட்டாள். அன்று மத்தியானம் வரை உட்கார்ந்து, ஓரங்களுக்கெல்லாம் இரட்டைத் தையல் போட்டு, பறவையை இரண்டு பக்கமும் ஒட்டுத் தையலில் வைத்துத் தைத்து முடித்தாள்.

மறுநாள், குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மண்டபத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெட்டியை இன்னும் மூடவில்லை. முகம் தெரியும்படி விட்டு, கழுத்து வரை கொடியைப் போர்த்தியிருந்தாள். மோவாய்க்குக் கீழே கருநீலம் சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். விருந்தில் கிண்டல் செய்த கீழ்வீட்டுக்காரரும் வந்தார். இப்போது முழுக்க நரைத்துவிட்டது. பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்று, "பெரிய மனுஷர்மா, எங்களுக்குத்தான் தெரியல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு இத்தனை வருஷத்துக் கோபம் ஆறியது. ஜெயித்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

நாத்தனார் வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. சின்ன உருவம், கையில் துணிப்பை, பஸ்ஸில் தூங்காத கண்கள். மூக்கைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. அச்சு அசல் அவர் மூக்கு. வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் பெட்டியைப் பார்த்தாள். வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். அப்படியே இறங்கித் தெருவுக்குப் போய் நின்றுகொண்டாள்.

இவள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "உள்ள வாம்மா. உனக்காகத்தான் மூடாம வெச்சிருக்கோம்."

"அதை எடுங்க அண்ணி."

"எதை?"

"அண்ணன் மேல கிடக்கிறதை. அதை எடுத்தாத்தான் நான் உள்ள வருவேன்."

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அது உங்க நாட்டுக் கொடிம்மா! என் கையால தைச்சது."

"யார் கையால தைச்சா என்ன? எடுங்க."

"நல்லா இருக்கே! இத்தனை வருஷமா எட்டிப் பார்க்காதவ, கடைசி நாள்ல வந்து வாசல்ல நின்னு எனக்குச் சட்டம் பேசுறியா? உங்க அண்ணனுக்கு அவர் நாடுன்னா உசுரு. உனக்கு என்ன தெரியும்? வருஷா வருஷம் நான் பால்கனியில இதைக் கட்டுவேன். தெருவுல நின்னு கண் கலங்கப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ளயே வருவாரு!"

நாத்தனார் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்த இடம் காலியானது. "வருஷா வருஷமா?" என்று கேட்டாள். பிறகு அங்கேயே, பக்கத்துக் கடையின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா அண்ணி?"

"என்ன சொல்லணும்?"

"முன்னாடி எங்களுக்கு வேற கொடி. அதுல இந்தப் பறவை கிடையாது. புதுசா ஆட்சியைப் பிடிச்சவங்க கொண்டு வந்தது இது. வந்த சூட்டோட வீட்டுக்கு வீடு ஒண்ணு கொடுத்து, கட்டுன்னு சொன்னாங்க. எல்லாரும் கட்டினாங்க. எங்க அப்பா தபால்காரர், யார் வம்புக்கும் போகாத ஆளு. அன்னைக்கு என்ன வந்துச்சோ, 'எனக்கு ஒரு கொடி இருக்கு, அது போதும்'னு திருப்பிக் கொடுத்துட்டாரு. அப்பவே வண்டியில ஏத்திட்டாங்க."

துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"மறுநாள் திரும்பி வந்தாங்க. என்னைக் காட்டி அண்ணன்கிட்ட 'தங்கச்சியா?'ன்னு கேட்டாங்க. வேற ஒரு வார்த்தை பேசல, கொடியை மட்டும் அவர் கையில கொடுத்துட்டுப் போனாங்க. எனக்கு அப்போ பள்ளிக்கூடம் போற வயசு. அண்ணன் அப்பவே மொட்டை மாடிக்குப் போய்க் கட்டிட்டாரு. எனக்காகத்தான் கட்டினாரு."

"அப்பா?"

"கொஞ்ச நாள் கழிச்சு விட்டுட்டாங்க. நடந்தே வந்தாரு. நாங்க வாசலுக்கு ஓடினோம். அவரு தெருவுல நின்னுட்டாரு. மேல பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாரு. 'யார் கட்டினது?'ன்னு கேட்டாரு. அண்ணன் 'நான்தான்பா'ன்னாரு. அவ்வளவுதான். அப்பா திட்டக்கூட இல்ல. உள்ள வராம, வந்த வழியே திரும்பிப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நாங்க அவரைப் பார்க்கல. அண்ணன் தேடாத ஊரு இல்ல. எல்லை தாண்டி வந்ததே அவரைத் தேடித்தான்."

தெருவில் கருவிப் பையோடு நிற்கிற உருவம் கண் முன்னால் வந்து நின்றது. அவர் தம் நாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றுதானே இவள் திரைக்குப் பின்னால் நின்று பூரித்தாள்? அவர் பார்த்தது அப்பாவை. அப்பா நின்ற இடத்தில் நின்று, அப்பா பார்த்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வருஷா வருஷம் அவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியவள், வேறு யாருமில்லை, கட்டின பெண்டாட்டி. இத்தனைக்கும் அவர் மேலே ஏறி வந்து, 'நல்லா தைச்சிருக்கே' என்று சொல்லியிருக்கிறார்.

"பாவி மனுஷா" என்று முணுமுணுத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன, சொன்னா கேட்காதவளா?"

கேட்டபோதே, தான் ஸ்டூலில் நின்று அழுத அழுகை நினைவுக்கு வந்தது. சொல்லத்தான் வந்தார். இவள்தான் கேட்கவில்லை.

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யார் என்ன நினைத்தாலும் சரி. விறுவிறுவென்று உள்ளே போனாள். பெட்டியின் பக்கத்தில் நின்று கொடியின் ஓரத்தை இரண்டு விரலால் பற்றினாள். அந்த நேரத்தில்தான் வாசலில் கார் வந்து நின்றது.

தூதரகத்து ஆள் இறங்கினார். சின்ன வயது. கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. கையில் ஒரு மலர்வளையம், கூடவே கேமராவோடு ஒருத்தர். மண்டபம் முழுக்க எழுந்து நின்று வழிவிட்டது. அந்தப் பக்கத்து ஆளுக்கு இவ்வளவு மரியாதையா என்று கூட்டத்தில் கிசுகிசுப்பு ஓடியது.

அவருக்கு முன்னால், கிட்டத்தட்ட ஓடியே உள்ளே வந்தது நாத்தனார்தான். உள்ளே வரமாட்டேன் என்று தெருவில் நின்றவள், நேராகப் பெட்டியருகே வந்து, வலது கையை நெஞ்சில் வைத்து விறைப்பாக நின்றாள். உதடு அசையாமல் சொன்னாள்: "கையை எடுங்க அண்ணி. என் பிள்ளைங்க அங்க இருக்காங்க."

அவள் கையை எடுத்தாள்.

தூதரகத்து ஆள் வளையத்தை வைத்து, கொடிக்கு வணக்கம் செலுத்தினார். "அம்மா, வெளிநாட்டுல இத்தனை வருஷம் இருந்தும் இப்படி நாட்டை மறக்காத ஒரு குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். உண்மையாகவே நெகிழ்ந்துதான் சொன்னார். கெட்ட பிள்ளையாகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தான்தானே வருந்தி அழைத்தோம், வந்த பிள்ளையை என்னவென்று சொல்வது?

"ரொம்ப நன்றி தம்பி" என்றாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. பெட்டியில் கிடந்த முகத்தை.

தூதரகத்து ஆள் நாத்தனார் பக்கம் திரும்பினார். "தங்கச்சிங்களா? எந்த ஊரு நீங்க?"

நாத்தனார் ஊரைச் சொன்னாள். தெருவைக் கேட்டார். தெருவையும் சொன்னாள்.

"அட, எங்க சித்தி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி! அடுத்த மாசம் லீவுல வரேன். வாசல்ல கொடி பறக்குதான்னு வந்து பார்த்து, நானே ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போறேன்க்கா."

"வாங்க தம்பி" என்றாள் நாத்தனார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவளுக்கு அந்த வழக்கம் உறைத்தது. அப்பா திரும்பிப் போன அதே வீட்டு வாசலில், ஒரு வருஷம், தினமும்.

பெட்டியை மூடினார்கள். மூடிமேல் கொடியை விரித்தார்கள். கேமராக்காரர் நாலைந்து படம் எடுத்தார். கொடியின் ஓரம் ஒரு பக்கம் ஏறியிருந்ததை, பழக்க தோஷத்தில், இவள் கையே போய் இழுத்துச் சரிசெய்தது.

இடுகாட்டில் குழி தயாராக இருந்தது. கட்டிங் மாஸ்டரும் பட்டறை ஆட்களும் பெட்டியைச் சுமந்து வந்தார்கள். இறக்குவதற்கு முன் தூதரகத்து ஆள் முன்னால் வந்து, மாஸ்டரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிக் கொடியை எடுத்தார். நீளவாக்கில் இரண்டாக, மறுபடி இரண்டாக, பிறகு பறவை மேலே தெரியும்படி சதுரமாக மடித்தார்கள். அவர் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நாத்தனார் முன்னால் போய் நின்றார்.

"அக்கா, உங்க அண்ணனுக்கு நாடு செய்யற மரியாதை. வாங்கிக்கங்க."

நாத்தனார் கையை நீட்டினாள்.

"அதை இங்க கொடுங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. இவள்தான். தலைமுடி கலைய, குழிமேட்டு மண்ணில் கால் புதையப் புதைய ஓடி வந்தாள். "அது என் புருஷனோடது. நான் தைச்சது. அவளுக்கு எதுக்கு?"

தூதரகத்து ஆள் திகைத்துப்போனார். "அம்மா, நம்ம வழக்கப்படி ரத்த சம்பந்தம்..."

"என்ன பெரிய ரத்த சம்பந்தம்! காய்ச்சல்னு படுத்தப்போ வந்தாளா? கால் வலின்னு கிடந்தப்போ வந்தாளா? செத்ததும் ஓடி வந்துட்டா, கொடி வாங்கிட்டுப் போக! நான் உசுரோட இருக்கும்போது இது இன்னொருத்தி வீட்டுக்குப் போகாது. போகணும்னா என்னையும் இந்தக் குழியிலயே தள்ளி மூடிட்டு எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

"என்னம்மா இது, இடம் பொருள் தெரியாம..." என்று மாஸ்டர் அவள் தோளைத் தொட்டார். அவள் உதறினாள். குரல் பிசிறடிக்கக் கத்தினாள்; பெட்டிமேல் அடித்துக்கொண்டு கத்தினாள். கீழ்வீட்டுக்காரர் 'ச்சே' என்று வேறு பக்கம் திரும்பினார். இவ்வளவு வருஷம் கண்ணியமாக இருந்தவளா இப்படி ஒரு துணிக்காக நாத்தனாரோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

நாத்தனார் நீட்டிய கையை மெதுவாக இறக்கினாள். கொஞ்ச நேரம் இவளையே பார்த்தாள். பிறகு தூதரகத்து ஆளிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணிகிட்டயே கொடுத்துடுங்க தம்பி. கடைசி நேரத்துல எதுக்குச் சண்டை? நான் என்ன செய்யறது, எனக்குக் கொடுத்து வைக்கல" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

வேறு வழியில்லாமல் தூதரகத்து ஆள் கொடியை இவள் கையில் வைத்தார். "கவனம்மா, கீழ விழாம பார்த்துக்கங்க. தரையில படக்கூடாது" என்றார். படம் எடுப்பவர் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். மேலே எதுவும் இல்லாத வெறும் பலகைப் பெட்டி. அவள் எட்டிப் பார்த்தாள். கொடி இல்லாமல் போகிறார், அந்த மட்டும் சரி என்று நினைத்தாள். மன்னிச்சுக்கங்க என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்திலேயே தூதரகத்து ஆள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். எதற்கு மன்னிப்பு என்று கேட்டுவிட்டால்? வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் நாத்தனார் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். "போயிட்டு வாண்ணா" என்றாள். பிறகு மாஸ்டர் போட்டார். பட்டறைப் பெண்கள் போட்டார்கள். கீழ்வீட்டுக்காரர்கூடக் கஷ்டப்பட்டுக் குனிந்து போட்டார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், இனி அவள்தான் பாக்கி.

அவள் இரண்டு கையிலும் கொடி இருந்தது. கீழே வைக்க முடியாது, தூதரகத்து ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படிச் சண்டை போட்டு வாங்கியதை இன்னொருவர் கையில் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். "போடும்மா, நேரமாகுது" என்றார் மாஸ்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மண்வெட்டிக்காரர்கள் வேலையைத் தொடங்கினார்கள். அவருக்கு ஒரு பிடி மண் போடக்கூடக் கை இல்லாமல், கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குழி மூடி முடிகிற வரைக்கும் அவள் நின்றாள்.